மறைந்த நண்பரின் சைக்கிளில் 200 கிலோமீட்டர்: கழற்றுவது முதல் ஒப்படைப்பது வரை

நண்பர் விட்டுப்போன சைக்கிளை ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதிலேயே ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்டி, அவர் பெயரில் ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்ட வேண்டும். மொத்தம் 20 வாரம் வைத்துக்கொள்ளுங்கள்: சைக்கிளுக்கு 4, உடம்புக்கு 16. நிதி வேலை இவற்றின் கூடவே ஓடும்.

இதில் அதிகம் தவறு நடப்பது சைக்கிளில்தான், அதுவும் பாசத்தால். அவர் தொட்ட எதையும் மாற்ற மனம் வராது. பல வருடம் காய்ந்து கிடந்த பிரேக் கேபிளை அப்படியே விட்டுவிட்டு இறக்கத்தில் இறங்குவார்கள். இங்கே கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: எடையைத் தாங்கும் பாகமும் வண்டியை நிறுத்தும் பாகமும் அதனதன் நிலையைப் பார்த்து மாறும். மற்றதெல்லாம் அவர் விட்டது விட்டபடி இருக்கும்.

துடைப்பதற்கு முன்

சைக்கிள் இப்போது குடும்பத்தாருடையது. எடுத்துப்போவதற்கு முன் மூன்று விஷயம் பேசி முடிக்க வேண்டும்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, ஓட்டம் முடிந்ததும் சைக்கிள் யாரிடம் போகும். "பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகமாகக் காட்டிக் கேளுங்கள். பழைய டயர்கூட ஒருவருக்கு முக்கியமாக இருக்கலாம்.

துணியைக் கையில் எடுப்பதற்கு முன் போட்டோ. இரண்டு பக்கமும் முழு சைக்கிள், பிறகு கிட்டத்தில் ஹேண்டில்பாரின் சாய்வு, பிரேக் லீவர் நிற்கும் கோணம், கேபிள் போகும் வழி, ஸ்டிக்கர், கீறல். டேப்பால் மூன்று அளவு: கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வித்தியாசம். மூன்றையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சீட் பைப்பைக் கவனித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே உயரத்தில் நின்ற பைப்பில் ஒரு வளையக் கோடு விழுந்திருக்கும். கோட்டுக்கு மேலே வெயிலும் அழுக்கும் பட்டு மங்கிய உலோகம், கீழே புதிது போன்ற பளபளப்பு. அவருடைய கால் நீளம் அங்கே பதிந்திருக்கிறது. பாலிஷ் போடும்போது அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது.

பைப் இறுகிப்போயிருந்தால் எடுத்த எடுப்பிலேயே ஃபிரேமைப் பிடித்து முறுக்காதீர்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் பைப் இருந்தால் இரண்டு உலோகமும் ஈரத்தில் அரித்து ஒட்டிக்கொள்ளும். துருநீக்கி எண்ணெயை மேலிருந்து விட்டு ஒரு இரவு வையுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, கீழ்ப்பக்கத் துளை வழியாகவும் விட்டு இன்னொரு இரவு வையுங்கள். பிறகு பைப்பின் தலையை மேஜை வைஸில் இறுக்கி, ஃபிரேமை நெம்புகோல் போலப் பிடித்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் "டக்" என்று விடும்.

ஃபிரேம் ஓட்டுபவருக்குப் பொருந்துகிறதா என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். தரையில் கால் ஊன்றி நின்றால் மேல் பாருக்கும் உடம்புக்கும் நடுவே 2 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். சீட் பைப்பில் "இதற்கு மேல் உயர்த்தாதே" என்று ஒரு கோடு இருக்கும். கோடு இல்லாத பழைய பைப் என்றால் குறைந்தது 8 செ.மீ. ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், மேல் பார் வந்து சேரும் மூட்டுக்குக் கீழேயும் அது இறங்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்தச் சைக்கிளில் 200 கி.மீ. வேண்டாம். முழங்கால் கெட்டுவிடும். அவருடைய மணியையோ பாட்டில் கூட்டையோ உங்கள் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவது இதைவிட நல்லது.

ஃபிரேம், போர்க்

முழுவதும் கழுவிக் காய வைத்த பிறகு, டார்ச்சைச் சாய்வாக அடித்து நான்கு இடம் பாருங்கள்: முன் கழுத்துக்குப் பின்னால் கீழ் பாரின் அடிப்பக்கம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான போர்க்கின் தலை, கிராங்க் அச்சு உட்காரும் கூட்டைச் சுற்றிய மூட்டுகள், பின்சக்கரம் உட்காரும் காதுகள். முடி போல ஒரு கோட்டில் பெயிண்ட் வெடித்து, அந்தக் கோட்டில் மட்டும் துரு கசிந்திருந்தால் அது விரிசல். பெயிண்ட் மட்டும் உரிந்திருந்தால் துரு பரவலாக இருக்கும். கழுத்துக்குப் பின்னால் பெயிண்ட் சுருங்கியோ விரலுக்குத் தெரியும்படி வீங்கியோ இருந்தால், எப்போதோ முன்பக்கம் மோதிய வண்டி அது.

இரும்பு ஃபிரேம் விரிசலை, சைக்கிள் ஃபிரேம் கட்டத் தெரிந்தவர் பித்தளை வைத்து ஒட்டிச் சரிசெய்ய முடியும். அலுமினிய ஃபிரேமில் விரிசல் கண்டால் ஓட்டுவதை அங்கேயே விட்டுவிடுங்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்காமல் ஒரேயடியாக உடையும். போர்க்கில் சந்தேகம் வந்தால் பேச்சே இல்லை, புதிதுதான். போர்க் உடைந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. துருப்பிடித்த இடத்தை மட்டும் நுண்ணிய ஸ்டீல் உல்லில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, மெழுகு பூசினால் போதும். அவர் கையால் கீறிய எழுத்தோ, பாதி உரிந்த ஸ்டிக்கரோ இருந்தால் அதன்மேல் எண்ணெய்கூடப் படாமல் பாருங்கள்.

பால்ரஸ், கிராங்க், சக்கரம்

பால்ரஸ் இருக்கிற இந்த நான்கு இடத்தையும் பிரியுங்கள்: முன் ஹப், பின் ஹப், கழுத்து, கிராங்க். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் பழைய கிரீஸ் உள்ளே மெழுகு போல உறைந்திருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கிண்ணம் வைத்து, குண்டுகளை எண்ணி எழுதிய பிறகே மண்ணெண்ணெயில் போடுங்கள். வழக்கமாகப் பின் ஹப்பில் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 9, முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலக் குண்டு 10, கிராங்கில் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11 இருக்கும். முன்பு பிரித்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம். அதனால் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பில் வரிசையாக அடுக்கி முடித்ததும் ஒரு குண்டின் அளவுக்குள் இடைவெளி மிஞ்சினால் சரி.

பழைய குண்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். குண்டுகளை உள்ளே இருந்து அழுத்தும் கூம்பு நட்டான கோனைக் கழுவி, அதன் ஓட்டுப்பாதையில் பால்பாயிண்ட் பேனா முனையை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியில் முனை தடுக்கும். தடுக்கிற கோன் கழிவு. கப்பில் தடுத்தால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டிவரும்.

கிராங்கைக் கழற்றும்போது மரையின் திசை முக்கியம். இடது பெடலுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். அதாவது பெடல் போடும் திசைக்கு எதிராக, பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் திருகினால்தான் இரண்டு பெடலும் கழலும். ஆங்கில வகைக் கிராங்க் கூட்டில் வலது கப் இடது மரை, இத்தாலிய வகையில் இரண்டும் வலது மரை. கப் நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் எந்த வகை என்று பாருங்கள். தப்பான திசையில் இறுக்கிக்கொண்டிருந்தால் ஃபிரேமின் மரையே போய்விடும்.

காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) வைத்த பழைய கிராங்க் என்றால், சுத்தியலால் அடிக்கும் முன் கிராங்கின் அடியில் தரை வரைக்கும் ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்கப் பால்ரஸுக்குப் போய்க் கப்பில் பள்ளம் விழும். புதுப் பின்னை அரத்தால் சமமாக இழைத்துப் போட வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. முதல் 50 கி.மீ.க்குப் பிறகு பின்னை மறுபடி தட்டி நட்டை இறுக்குங்கள். நட்டை மட்டும் பிடித்து இழுத்தால் அதன் மரை அறுந்துவிடும்.

கோன் டைட்: சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. லீவரால் இறுக்கும் ஆக்சில் என்றால் வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் விட்டு வையுங்கள். இறுக்கியதும் அது மறைந்துவிடும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால் ஃபிரேமில் மாட்டியதும் கோன் நெரிபட்டு, சீக்கிரமே பால்ரஸ் அரைபட ஆரம்பிக்கும்.

அடுத்தது சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சிறு நட்டான நிப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். காய்ந்த நிப்பிளைத் திருகினால் அது சுற்றாமல் ஸ்போக்கே முறுக்கிக்கொள்ளும். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடது ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கி, வலது ஸ்போக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே இடத்தில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். பக்கவாட்டில் அரை மி.மீ.க்குள் வந்தால் போதும். ஒரு ஸ்போக் ஏற்கெனவே உடைந்திருந்தால் அதன் அக்கம்பக்கத்து ஸ்போக்குகளையும் மாற்றுங்கள், உடைந்ததன் சுமையை அவைதான் சுமந்திருக்கும். இரண்டுக்கு மேல் உடைந்திருந்தால் சக்கரத்தை முழுவதும் புது ஸ்போக்கில் கட்டுவதே நல்லது.

எது மாறியே ஆக வேண்டும்

டயர், டியூப், பிரேக் கட்டை, உள்ளும் வெளியுமாக எல்லாக் கேபிள், செயின். இவற்றுக்குப் பரிசோதனை வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்பாதீர்கள். 26 அங்குலம் என்ற பெயரில் 559, 571, 584, 590 மி.மீ. என்று பல வகை ரிம் உண்டு, ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 28 அங்குலத்திலும் 622, 635 என இரண்டு பரவலாக உண்டு. பழைய டயரின் பக்கச்சுவரில் 28-622 அல்லது 37-590 என்பது போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். இரண்டாவது எண் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அகலத்தை ஃபிரேம் இடம் கொடுத்தால் ஒரு படி கூட்டலாம். 200 கி.மீ.க்கு 28 மி.மீ.யைவிட 32 மி.மீ. உடம்புக்கு இதமானது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் ஏறத்தாழ 5 பார், 32 மி.மீ.யில் 4 பார் காற்று. பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் அதிகம், முன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

செயினின் தேய்மானத்தை நோட்டுக்காக அளந்து வையுங்கள். 24 கண்ணி நீளம், ஒரு பின்னின் நடுவிலிருந்து மற்றொரு பின்னின் நடு வரை, புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3 ஆனால் அரை சதவீதத் தேய்மானம், 307.8 ஆனால் ஒரு சதவீதம். ஒரு சதவீதம் தாண்டிய செயினோடு ஓடிய பிரீவீலின் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) பல்லும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் பல் தாண்டும், உடம்பு முன்னால் போய் விழும். செயினும் பிரீவீலும் ஜோடியாகவே மாறட்டும்.

ஒற்றைக் கியர் சைக்கிள் என்றால் பிரீவீல் மாற்றும் இந்த நேரத்தில் பற்களை யோசியுங்கள். முன்னால் 46, பின்னால் 18 பல், 28-622 டயர் என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சுமார் 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 65 மிதியில் மணிக்கு 21 கி.மீ. வரும். சமதளத்துக்கு இது நல்ல கணக்கு. பாதையில் ஏற்றம் இருந்தால் பின்னால் 20 பல் போடுங்கள். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், முழங்கால் தப்பிக்கும்.

பிரேக் கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட வேண்டும், பின்முனையில் ஒரு மி.மீ. இடைவெளி. கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டைத் துண்டை வைத்து இறுக்கினால் இந்தச் சாய்வு தானாக வரும், கீச்சென்ற சத்தமும் வராது. கட்டை எங்கேயும் டயரில் படக் கூடாது. பட்டால் ஒரே நாளில் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் பிரேக் ஏறக்குறைய பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரிம்மோடு மலைப்பாதையோ மழைக்காலமோ வேண்டாம். அலுமினிய ரிம்மில் அவருடைய பழைய ஹப்பை வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஹேண்டில்பாரும் சீட்டும்

மனசுக்குக் கஷ்டமான இடம் இதுதான், ஏனென்றால் அவர் கையும் உடம்பும் பட்டது இங்கேதான்.

ஹேண்டில்பார் இரும்பாக இருந்து, உள்ளே டார்ச் அடித்தால் குழி விழுந்த துரு இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். அலுமினியமாக இருந்து, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாவிட்டால் மாற்றுங்கள். கிளாம்ப் பிடிக்கும் ஓரத்தில்தான் உடையும், அந்த விரிசல் கிளாம்புக்கு அடியில் மறைந்திருக்கும்.

பார் மாறினாலும் கிரிப் மாற வேண்டியதில்லை. அவருடைய வலது கிரிப்பைப் பாருங்கள்: கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, கோடுகள் அழிந்து, உள்ளங்கை வடிவில் ஒரு பள்ளம் இருக்கும். அதை வெட்டி எடுக்காதீர்கள். ஊசி போடும் சிரிஞ்சில் ஸ்பிரிட் எடுத்து, ரப்பருக்கும் பாருக்கும் நடுவே செலுத்தி மெல்லத் திருகினால் வழுக்கிக்கொண்டு வரும். புதுப் பாரிலும் ஸ்பிரிட் தடவி ஏற்றி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். கழற்றும்போது கிரிப் எந்தக் கோணத்தில் இருந்தது என்று குறித்து வைத்தால் அந்தப் பள்ளம் சரியான இடத்தில் வரும். காய்ந்த பிறகும் கிரிப் சுழன்றால் அது ஆபத்து. அப்போது புதிது போட்டுவிட்டு, பழையதைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள்.

தோல் சீட் என்றால் பின்பகுதியில் இரண்டு குழிகள் இருக்கும், அவருடைய இருக்கை எலும்புகள் பதிந்த இடம். அந்த அகலம் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது ஒத்துவரவில்லை என்றால் 60 கி.மீ. வரை தெரியாது, அதற்குமேல் ஒவ்வொரு கி.மீ.யும் தெரியும். நான்கு வாரம் அதில் பயிற்சி செய்து பாருங்கள். மரத்துப்போவது ஒரு முறைக்கு மேல் வந்தால் சீட்டை மாற்றிவிடுங்கள். மரத்துப்போவது நரம்பு நெரிபடுவதற்கான அடையாளம், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கக் கூடாது.

எல்லாம் பூட்டியதும் 10 கி.மீ., 40 கி.மீ., 100 கி.மீ. என மூன்று சோதனை ஓட்டம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கிராங்க், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், சீட் போல்ட், ஆக்சில் நட்டு எல்லாவற்றிலும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புதுக் கேபிள் தளரும், புதிதாகக் கட்டிய சக்கரத்தில் ஸ்போக் இளகும். இரண்டும் இயல்பு.

நிதி: அறிவிப்பதற்கு முன்

சைக்கிள் 100 கி.மீ. சோதனையைத் தாண்டிய பிறகே வெளியில் சொல்லுங்கள். ஃபிரேமில் விரிசல் தெரிந்தால் திட்டமே மாறும். அறிவித்துவிட்டால் அந்த விரிசலைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டத் தோன்றும்.

தொண்டு அமைப்பிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த அனுமதி வேண்டும், பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பணம் நேராக அவர்கள் கணக்குக்கே போகும்படி செய்யுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் கேள்விக்கு இடம் கொடுக்கும், கொடுத்தவர்களுக்கு ரசீதும் கிடைக்காது. டயர், பிரீவீல், பயணச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதை அறிவிப்பிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள்.

கேட்கும் வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். கனடிய இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் புற்றுநோயால் ஒரு காலை இழந்த பிறகு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கி.மீ. ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டிவந்தது. அவர் கேட்டது, ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர். கேட்டவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் அறிவிப்பும் நான்கு வரிக்குள் முடியட்டும்: அவர் யார், யாருக்காகப் பணம், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதியில்.

கி.மீ.க்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்குவதைவிட முழுத்தொகையாக முன்பே வாங்குவது நல்லது. கி.மீ. கணக்கில் ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பின்தொடர வேண்டும், நினைவு நிகழ்ச்சியில் அது இரு பக்கமும் சங்கடம். தூரத்தை முடிக்காவிட்டால் என்ன என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: "முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பணம் அமைப்புக்கே போகும்." இந்த ஒரு வரி, வலியோடு 160ஆவது கி.மீ.யில் நிற்கும்போது சரியான முடிவெடுக்க உதவும். நெருங்கியவர்கள் நான்கைந்து பேரை முதல் நாளே கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வருபவர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்வார்கள்.

மரணத்தின் காரணத்தை எழுதலாமா, எந்தப் படத்தைப் போடலாம் என்பது குடும்பத்தார் முடிவு. எழுதியதை வெளியிடும் முன் அவர்கள் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். தற்கொலை என்றால், எப்படி நடந்தது என்ற விவரத்தை எங்கேயும் எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுவே. துன்பத்தில் இருக்கிற இன்னொருவரை அந்த விவரம் தள்ளிவிடக்கூடும். உதவி எண்ணை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

தேதியை நினைவு நாளிலேயே பூட்ட வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. அன்று குடும்பத்துக்கு வேறு வேலைகள் இருக்கும், அழுகை இருக்கும். புயல் வந்தாலும் தள்ளிவைக்க உங்களுக்கு மனம் வராது. அதை ஒட்டிய ஒரு விடுமுறை நாளும், மாற்றாக இன்னொரு நாளும் குறித்து வையுங்கள்.

உடம்பு

இப்போது 40 கி.மீ. ஓட்ட முடிகிறவருக்கு 16 வாரம் போதும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம், இரண்டு குறுகிய ஓட்டம். நீண்டது 40, 50, 60 என ஏறி, நான்காம் வாரம் 45க்கு இறங்கும். பிறகு 70, 80, 90, மறுபடி 60. அடுத்து 100, 110, 125, இறக்கம் 80. கடைசியில் 140, 150, பிறகு 80, நிகழ்ச்சி வாரத்தில் 30 மட்டும். இறக்க வாரங்களைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் முழங்கால் போகும். 150 ஓட்ட முடிந்தவர் 200ஐ முடித்துவிடுவார், அதனால் பயிற்சியில் 200 தேவையில்லை.

முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. இப்படிச் சரிபாருங்கள்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. மாற்றும்போது ஒரு தடவைக்கு 3 மி.மீ. மட்டும். அவருடைய கோட்டிலிருந்து எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் எடை கையில் விழுகிறது. சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கும், அல்லது ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கும்.

அன்றைய நாள்

பிரெவே எனப்படும், நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கி.மீ.க்குத் தரப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 கி.மீ. என்றால் 10 மணி நேரம் ஓட்டம், 2 மணி நேரம் நிறுத்தம்.

தவறு நடப்பது முதல் 30 கி.மீ.யில். குடும்பத்தார் வழியனுப்ப வந்திருப்பார்கள், அவர் படம் முன்னால் கட்டியிருக்கும், நெஞ்சு நிறைந்திருக்கும். கால் தானாக 26, 27 என்று போகும், அப்போது வலியும் தெரியாது. அதற்கான விலையை 140க்குப் பிறகு கொடுப்பீர்கள். முதல் ஒன்றரை மணி நேரம், கூட ஒருவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள்.

பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் அரைமணியிலேயே சாப்பிடத் தொடங்குங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று புதிதாகச் சாப்பிடாதீர்கள். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், வெயிலைப் பொறுத்து. தாகத்துக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரும். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். முடித்த பிறகு எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

பையில் இரண்டு டியூப், பேட்ச், டயர் லீவர், பம்ப், ஆக்சில் நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பானர், செயின் இணைப்பு ஒன்று, பிரேக் உள்கேபிள் ஒன்று, முன்னால் வெள்ளை பின்னால் சிவப்பு விளக்கு. உதவிக்கு வரும் வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரக் கூடாது, மற்ற வண்டிகள் திடீரென்று ஒதுங்கி முந்த நேரிடும். 40 கி.மீ. முன்னால் போய்க் காத்திருக்கட்டும்.

அழுகை வரும். கண் மங்கும்போது சாலை தெரியாது, ஓட்டிக்கொண்டே சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாதையில் ஓர் இடத்தை இதற்கென்றே முன்கூட்டிக் குறித்து, நேரக் கணக்கில் 20 நிமிடம் ஒதுக்குங்கள். பாதித் தூரத்தைத் தாண்டிய ஓர் இடமாக இருந்தால் நல்லது, திரும்பிப் போவதைவிட முன்னால் போவது அங்கிருந்து எளிது.

ஒப்படைப்பு

ஒரு வாரத்துக்குள் மொத்தத் தொகையையும், அமைப்பு கொடுத்த ஒப்புகையையும் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். நன்றிக் கடிதத்தைக் குடும்பத்தார் பெயரில் அனுப்ப வேண்டாம், அந்தச் சுமை அவர்களுக்கு வேண்டியதில்லை.

சைக்கிளைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டயரில் காற்றை நிரப்புங்கள். இனி யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் சக்கரம் தரையில் படாமல் தொங்கவிடச் சொல்லுங்கள். நின்றபடி காற்று இறங்கினால் டயர் மடிந்த இடத்தில் வெடிக்கும். கழற்றிய பாகங்களை எறியாமல், ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள்: பழைய செயின், கோன், கேபிள், ஹேண்டில்பார். மேலே நோட்டை வையுங்கள். எந்த அளவு டயர், எத்தனை பல் பிரீவீல், எந்தத் தேதியில் கிரீஸ் என்று அதில் இருக்கும். பின்னால் அந்த வீட்டில் யாராவது ஓட்ட ஆசைப்பட்டால் அது பயன்படும்.

கடைசி வேலை ஒன்று உண்டு. சீட் போல்ட்டைத் தளர்த்தி, பைப்பில் உள்ள அந்த வளையக் கோடு ஃபிரேமின் விளிம்போடு சேரும் வரை நகர்த்தி, நோட்டின் முதல் பக்கத்து அளவோடு ஒருமுறை டேப் வைத்துப் பார்த்து, இறுக்கிவிட்டுக் கொடுங்கள்.